நாற்பது பேருக்கு ஒரு மிட்டாய்

பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது, வகுப்பில் எல்லாருக்கும் என்ன கொடுக்கலாம் டீச்சர் என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். கேக் ஆர்டர் கொடுத்துவிடலாமா என்பார்கள். இல்லாவிட்டால், ஆளுக்கு ஒரு சிப்ஸ், ஒரு ஜூஸ், ஒரு சாக்லேட் என்று பை போட்டுவிடலாமா என்பார்கள். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால் எங்கள் தெருவில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். உட்காருங்கள், டீ போடுகிறேன், குடித்துக்கொண்டே பேசுவோம் என்பேன். சின்ன விஷயம்தான். ஆனால் வீட்டு விசேஷத்தையும் வகுப்பையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போவதால்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தப் பிள்ளை சீருடை போடாமல் கலர் டிரஸ்ஸில் வரும். பிரேயரில் பெயர் சொல்வார்கள். வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்று, ஆளுக்கொரு சுருதியில் ஹேப்பி பர்த்டே பாடுவார்கள். அதற்குப் பிறகுதான் முக்கியமான காரியம்: தட்டையோ டப்பாவையோ எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கொடுப்பது. கூட வந்து தட்டைப் பிடிக்க ஒரு சிநேகிதி வேண்டும். அது யார் என்று முடிவு செய்ய நாலு நாளைக்கு முன்பிருந்தே பேச்சுவார்த்தை நடந்திருக்கும். முதல் பெஞ்சில் “ஒண்ணுதான் எடுக்கணும்” என்று அதிகாரமாகச் சொல்லிக்கொண்டு வரும் பிள்ளை, கடைசி பெஞ்சில் நேற்றுச் சண்டை போட்டவனுக்கும் தட்டை நீட்டியாக வேண்டும். அவனும் எடுத்துக்கொண்டு கை கொடுத்தாக வேண்டும். பிறகு இருவருமாகப் பக்கத்து வகுப்பு மிஸ், பி.டி. மாஸ்டர், ஹெச்.எம். அறை என்று ஒரு சுற்றுப் போய் வருவார்கள். பாடம் நடக்கும் நேரத்தில் வராந்தாவில் தலை நிமிர்ந்து நடக்க அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே நாள் அது.

இந்தச் சுற்றுதான் பள்ளியில் பிறந்தநாள். தட்டில் இருக்கும் பண்டம் அதற்கு ஒரு சாக்கு. ஆகவே கடையில் நிற்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை என் பிள்ளை தன் கையால், பெரியவர்கள் உதவி இல்லாமல், பத்து நிமிஷத்துக்குள் நாற்பது பேருக்குக் கொடுத்து முடிக்குமா? இந்தக் கேள்வியிலேயே பாதிக் கடை கழிந்துபோகும்.

கேக் முதலில் கழியும். யார் வெட்டுவது? டீச்சர்தான். நாற்பது துண்டு சமமாக வராது. ரோஜாப் பூ வைத்த துண்டு யாருக்கு என்று அங்கேயே வழக்கு ஆரம்பிக்கும். தட்டு வேண்டும், கை துடைக்கக் காகிதம் வேண்டும், க்ரீம் வெள்ளைச் சட்டையில் படும், கை கழுவக் குழாயடிக்கு நாற்பது பேர் ஓடுவார்கள். காலையில் கொடுத்தனுப்பிய க்ரீம் கேக் மத்தியானம் வரை ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில் இருப்பதும் நல்லதில்லை. முட்டைக் கணக்கு வேறு. முட்டையே சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன் ஒருவன் இருப்பான். அந்தப் பிள்ளை கேக்கை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் டீச்சர் முகத்தைப் பார்க்கும். இத்தனையும் நடக்கிற நேரத்தில் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை என்ன செய்யும்? ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். கேக்கைச் சாயங்காலம் வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள்.

பை போட்டுக் கொடுப்பதில் வேறு தொல்லை. ஒரு வீட்டில் சிப்ஸும் ஜூஸும் கொடுத்தால், அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் அதோடு ஒரு பென்சில் பாக்ஸ் சேரும். அதற்கடுத்த வீட்டில் படம் போட்ட வாட்டர் பாட்டில். வசதி குறைந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடுவது அந்த வாட்டர் பாட்டில் கொடுத்தவர்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2020இல் ஒரு விதியே கொண்டுவந்திருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேண்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்கிறது அந்த விதி. விற்பதைத்தான் அது தடுக்கிறது. பிறந்தநாளுக்கு நீங்கள் கொடுத்தனுப்புவதை யாரும் வந்து பிடிக்கப் போவதில்லை. ஆனாலும், வாசலில் விற்கக் கூடாத பொருளை வாசலுக்குள் நாமே கொண்டுபோய்க் கொடுப்பது என்ன நியாயம்?

சாக்லேட்டுக்கு வருவோம். நல்ல சாக்லேட்டில் இருக்கும் கோக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். வாயில் போட்டதும் கரைவதற்குக் காரணமும் அதுதான். நம் ஊரில் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்து மத்தியானம் இந்தக் கணக்கை எளிதாகத் தாண்டிவிடும். காலையில் பையில் போட்ட பார் மத்தியானம் காகிதத்தோடு ஒட்டிக் குழம்பாகக் கிடக்கும். விலை மலிவான சாக்லேட் சில உருகாமல் நிற்கிறதே என்றால், அதில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். உறையில் எழுதியிருக்கிறார்கள், படித்துப் பார்க்கலாம். மார்கழி, தையில் பிறந்த பிள்ளைகள் வேண்டுமானால் சாக்லேட்டைத் தைரியமாகக் கொடுக்கட்டும்.

எங்கள் காலத்தில் இந்தக் கவலை கிடையாது. பாரிஸ் மிட்டாய் என்றால் பாரிஸ் மிட்டாய்தான். 1788இல் சென்னைக்கு வந்து சேர்ந்த தாமஸ் பாரி என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய வியாபாரம் பாரிமுனைக்கும் பெயர் கொடுத்தது, நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்கும் பெயர் கொடுத்தது, கடைசியில் எங்கள் சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்தது. லாக்டோ கிங், காஃபி பைட் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். 2004இல் மிட்டாய்த் தொழிலைக் கொரியாவின் லோட்டே கம்பெனி வாங்கிவிட்டது. கடையில் கேட்கிறவர்கள் இன்னும் பாரிஸ் என்றுதான் கேட்கிறார்கள்.

தனித்தனியாகச் சுற்றிய சின்ன மிட்டாய் வகுப்புக்கு நல்ல பொருள். எல்லாம் ஒரே அளவு, எண்ணி வாங்கலாம், ஒழுகாது, தட்டில் குவித்தால் பார்க்கவும் லட்சணம். இன்னொரு காரணம் உண்டு, அதைப் பெற்றோர் பார்த்திருக்க வழியில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் மிட்டாயைப் பிரிக்கவே மாட்டார்கள். வாங்கி, சட்டைப் பையில் போட்டு, பைக்கு மேல் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஏண்டா சாப்பிடலையா என்றால், “தம்பிக்கு மிஸ்” என்பார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைத்திருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் இப்படித்தான், வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் திறப்பார்கள். பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடிகிற பொருளாக இருந்தால் யாரும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

வாங்கும்போது ஒரே சுவையாக வாங்குங்கள். ஐந்து நிறம் கலந்த பாக்கெட் வாங்கினால், சிவப்புதான் வேண்டும் என்று முதல் வரிசை முழுக்கத் தட்டைக் கிளறும். பச்சை வந்தவன் அழுவான். பத்து நிமிஷ வேலை அரை மணி ஆகும்.

கடலைமிட்டாய் எனக்குப் பிடித்தது. மாவுச்சத்தும் வண்ணப்பொடியும் கலந்த பண்டத்துக்கு நடுவே, வெல்லமும் வேர்க்கடலையும் மட்டும் சேர்ந்த ஒன்று. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எள்ளுருண்டை, பொரி உருண்டையும் இதே சாதிதான். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் உறை இல்லாத கடலைமிட்டாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் தனித்தனியாகச் சுற்றியதாகப் பாருங்கள். ஆனால் கடலையில் ஒரு பேச்சு இருக்கிறது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தினையளவு போதும், உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறும் நிலைகூட வரலாம். “கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது” என்று பாட்டிமார் சொல்வது இங்கே பொருந்தாது. வகுப்பில் யாருக்காவது இருக்கிறதா என்று டீச்சருக்குத் தெரியும். இருந்தால் கடலையை அந்த வகுப்புக்கு மறந்துவிடுங்கள். எள்ளும் சிலருக்கு ஆகாது, அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

கடையில் வாங்கும் பாக்கெட்டின் பின்பக்கம் இதற்கெல்லாம் உதவும். நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை, சோயா போன்றவை இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். எது அதிகமாக இருக்கிறதோ அதைத்தான் பொருள் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். சர்க்கரை முதலில் இருந்தால் நீங்கள் வாங்குவது சர்க்கரை. பச்சைப் புள்ளி சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். பஞ்சு போல மெத்தென்று இருக்கும் மார்ஷ்மெல்லோவிலும் சில ஜெல்லிகளிலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். மிட்டாய்தானே என்று புள்ளியைப் பார்க்காமல் வாங்கிப் பிறகு சங்கடப்படுகிறவர்கள் உண்டு.

பாக்கெட்டே இல்லாத கலர் பண்டங்களை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாயில் துணிக்குச் சாயம் போடும் ரோடமின்-பி இருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்கே தடை போட்டது நினைவிருக்கும். உங்கள் வீட்டுக்கு நீங்கள் வாங்குவது உங்கள் பாடு. நாற்பது வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, இதை யார் செய்தது, எப்போது செய்தது என்று சொல்ல முடிய வேண்டும். லாலிபாப்பிலும் ஒரு தடை உண்டு: 2022 ஜூலை முதல் மிட்டாய்க்குப் பிளாஸ்டிக் குச்சி நாடு முழுக்கத் தடை. காகிதக் குச்சி வைத்தது கிடைக்கிறது. என்றாலும் வாயில் குச்சியோடு ஓடும் பிள்ளைகளை இன்டர்வெல்லில் சமாளித்தவள் என்ற முறையில் எனக்கு லாலிபாப்பே வேண்டாம்.

ப்ரீ கே.ஜி., எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. நாலைந்து வயதுக்குள் கடைவாய்ப் பல்லால் மென்று விழுங்கும் பழக்கம் நன்றாக வந்திருக்காது. உருண்டையான கெட்டி மிட்டாய், முழு வேர்க்கடலை, சின்னக் கப்பில் உறிஞ்சிச் சாப்பிடும் ஜெல்லி, மூன்றுமே தொண்டையில் அடைக்கக் கூடியவை. பாட்டுப் பாடிக்கொண்டே, குதித்துக்கொண்டே சாப்பிடும் வகுப்பு அது. பிஸ்கட் பாக்கெட் சின்னது போதும். ஏலக்கி வாழைப்பழம் இன்னும் நல்லது. மூன்று நான்கு சீப்பில் வகுப்பு முடிந்துவிடும், உறையை இயற்கையே போட்டுக் கொடுத்திருக்கிறது, அந்த வயதில் பிள்ளைகள் சந்தோஷமாகவும் சாப்பிடும். ஐந்தாம் வகுப்பில் அதே வாழைப்பழத்தைக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் பிள்ளை வருஷம் முழுக்கப் பட்டப்பெயரோடு அலையும். சத்துணவைப் பற்றி நமக்கு எவ்வளவு அக்கறை இருந்தாலும் அந்த அவமானத்தைப் பிள்ளை தலையில் வைக்கக் கூடாது.

சரி, சர்க்கரை. ஒரு மிட்டாயில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒன்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் கணக்கை வகுப்பின் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள். வகுப்பில் 40 பிள்ளைகள். லீவில் பிறந்தவர்களும் முன்னே பின்னே கொடுத்துவிடுவார்கள். ஆக ஐந்து வேலை நாளுக்கு ஒரு பிறந்தநாள், வாரம் தவறாமல் ஒரு விருந்து. அது 5 கிராம் மிட்டாயாக இருந்தால் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, போகட்டும். மிட்டாயும் பிஸ்கட்டும் ஜூஸும் சேர்ந்த பையாக இருந்தால்? சின்ன மாம்பழ ஜூஸ் டப்பா ஒன்றிலேயே 15 முதல் 20 கிராம் வரை சர்க்கரை இருப்பது சாதாரணம். சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,400 கலோரி தேவைப்படும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது 35 கிராம். வீட்டில் பாலில் போட்ட சர்க்கரையும் சாயங்கால பிஸ்கட்டில் இருப்பதும் அதற்குள்தான் அடங்க வேண்டும். எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் கண்ணில் படும்படி பலகை வையுங்கள் என்று சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் தன் பள்ளிகளுக்குச் சொன்னதும் இதனால்தான்.

பல்லைப் பொறுத்தவரை, எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது பெரிது. இனிப்பு பட்டதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கும். அது பல்லின் மேல் அரை மணி நேரம் போல வேலை செய்யும். சாப்பாட்டோடு சேர்ந்து வரும் இனிப்பைவிட, நடுவில் தனியாக வரும் இனிப்புதான் இந்த அரை மணி நேரத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். பல்லிடுக்கில் ஒட்டும் டாஃபி இன்னும் நீட்டும். ஆகவே மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் அப்போது பக்கத்தில் இருக்கும். முதல் பீரியடில் கொடுத்தால் டிபன் பாக்ஸ் பாதி அப்படியே வீட்டுக்கு வரும். அன்றைக்கு நாற்பது அம்மாக்கள் உங்களைத்தான் திட்டுவார்கள்.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், பாவம் என்று அந்தப் பிள்ளையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவர்களுக்கு இனிப்பு அடியோடு கூடாது என்பதில்லை. எவ்வளவு, எந்த நேரத்தில், எவ்வளவு இன்சுலினோடு என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு அவர்கள் அம்மாவுக்குத் தெரியும். முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டால் போதும். தட்டு எல்லாருக்கும் நீளட்டும்.

தின்பண்டமே வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகள் இப்போது கூடியிருக்கின்றன. அங்கே ஆளுக்கொரு பென்சில் கொடுங்கள், அழகாக இருக்கும், யாருக்கும் ஒவ்வாமை வராது. பழ வாசனை வரும் ரப்பர் மட்டும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கடித்துப் பார்ப்பார்கள். வகுப்பு நூலகத்துக்குப் பிள்ளை பெயரில் ஒரு கதைப் புத்தகம் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அதில் பெஞ்சு பெஞ்சாகப் போகும் சுற்று இல்லை. புத்தகத்தோடு பென்சிலும் கொடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் நாற்பது என்றால் நாற்பது வாங்காதீர்கள். அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கு எடுத்து வைக்க வேண்டும். ஆயாம்மா, வாட்ச்மேன் தாத்தா, வேன் ஓட்டும் அண்ணன், அடுத்த செக்‌ஷனில் இருக்கும் டியூஷன் தோழி என்று பதினைந்து பேராவது சேர்வார்கள். மிஸ்ஸுக்கு மட்டும் பெரிய சாக்லேட் தனியாக வைத்தனுப்புவது பழைய வழக்கம். மரியாதைக்குச் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் “மிஸ்ஸுக்கு டெய்ரி மில்க், நமக்கு மிட்டாய்” என்று கடைசி பெஞ்சில் ஒரு குரல் கேட்காமல் இருக்காது. எங்களுக்கும் தட்டிலிருப்பதையே கொடுங்கள். ஆயாம்மாவுக்கும் அதையே.

இவ்வளவு சொன்னதும், அப்போது என்னதான் வாங்குவது, ஒரே பதிலாகச் சொல்லுங்கள் என்பார்கள். ஒன்றாம் வகுப்பும் அதற்கு மேலும் என்றால், டீச்சரிடம் கேட்டுவிட்டு, தனித்தனியாகச் சுற்றிய சின்னக் கடலைமிட்டாய். கடலை ஆகாத பிள்ளை இருந்தால் சாதாரண டாஃபி, ஒரே சுவை, ஆளுக்கு ஒன்று. மழலையர் வகுப்பு என்றால் ஏலக்கிப் பழம் அல்லது சின்ன பிஸ்கட் பாக்கெட். இரண்டு மூன்றைச் சொல்லி, எது என்று பிள்ளையையே முடிவு செய்யச் சொல்லுங்கள். கொடுக்கப்போவது பிள்ளைதானே.

பிறந்தநாளன்று பள்ளிக்கே வராத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் என்று லீவ் லெட்டர் வரும். வாங்கிக் கொடுக்க வீட்டில் காசில்லை என்பதை எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாது. இதற்காகவே பல ஆசிரியைகள் மேசை டிராயரில் ஒரு டப்பா மிட்டாய் வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளை வந்ததும் தட்டில் கொட்டிக் கையில் கொடுத்து, கூட ஒரு சிநேகிதியையும் அனுப்புவார்கள். நீங்கள் கடைக்குப் போகும்போது இன்னொரு பாக்கெட் சேர்த்து வாங்குங்கள். பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல், நீங்களே போய் டீச்சரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். யார் கொடுத்தது என்று அதில் எழுத வேண்டாம்.